கறை அக்காவும் கரும்புள்ளியும்

என் பெரியம்மாவுக்குச் சலவைக் கடையில் கறை அக்கா என்று பெயர். கடை முதலாளி அவளைவிட வயதில் மூத்தவர். அவரும் "கறை அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றுதான் சட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார். முன்பக்கம் கவுன்ட்டர், நடுவில் இஸ்திரி மேசைகள், மேலே கொக்கிகளில் வரிசையாகத் தொங்கும் கோட்டுகள். இதையெல்லாம் குனிந்து தாண்டிப் பின்னால் போனால் ஜன்னலோரத்தில் வெள்ளைப் பலகை போட்ட ஒரு மேசை இருக்கும். அதுதான் அவளுடைய ராஜ்ஜியம். மெல்லிய பிரஷ்கள், சொட்டுச் சொட்டாக விழும்படி மூடியில் துளையிட்ட புட்டிகள், பழைய வெள்ளைத் துணிகள். மெஷினுக்குப் பயப்படாத கறைகளெல்லாம் அங்கே வந்துதான் அடங்கும்.

துணி கொண்டுவருகிறவர்களிடம் அவள் மூன்று கேள்வி கேட்பாள். என்ன கொட்டியது, எப்போது கொட்டியது, நீங்கள் அதை என்ன செய்தீர்கள். முதல் இரண்டுக்கும் உண்மையான பதில் வரும். மூன்றாவதற்கு வராது.

"ஒண்ணுமே பண்ணலைங்க. அப்படியே எடுத்துட்டு வந்துட்டேன்."

"சுடுதண்ணி ஊத்தியிருக்கீங்க."

"லேசா."

"அப்புறம் சோப்புப் போட்டுத் தேய்ச்சிருக்கீங்க."

"அது என் வீட்டுக்காரர்."

"தேய்ச்சா கறை பயந்துபோய் நூலுக்குள்ள உட்காந்துக்கும். ஒத்தி எடுக்கணும், குழந்தை வாயைத் துடைக்கிற மாதிரி. வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க."

கடையை விட்டு வெளியே வந்தாலும் அந்தக் கண் ஓயாது. டி.வி.யில் செய்தி வாசிப்பவரின் சட்டைக் கையில் காபி பட்டிருப்பதை அவள் பார்த்துவிட்டால் அன்றைய உலகச் செய்தி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒருமுறை பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த ஒருவரின் தோளைத் தட்டி, "காலர்ல இருக்கிறது லிப்ஸ்டிக். தண்ணி மட்டும் வெச்சிடாதீங்க, பரவிடும்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னாள். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். அடுத்த நிறுத்தத்தில் அந்த மனிதர் இறங்கிவிட்டார். மனைவி இறங்கவில்லை.

பெரியப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கென்று இருக்கும் பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகியதில், வீட்டிலும் பெரியம்மா வேகமாகப் பேச ஆரம்பித்தால் அவருடைய வலது கால் தன்னால் தரையை அழுத்தும். என் அலுவலகம் அவர்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம் என்பதால் நான் அங்கே தங்கியிருக்கிறேன். "ரெண்டு பாஷையும் படிச்ச பொண்ணு" என்று பெரியம்மா என்னை அறிமுகப்படுத்துவாள். அதனால் வீட்டுக்கு வரும் மருந்துப் புட்டி, மிக்ஸி அட்டை, எறும்புப் பொடி எல்லாவற்றின் பின்பக்கமும் என்னிடம்தான் வந்து சேரும்.

இந்த வீட்டில் யாருக்கும் பயப்படாத பெரியம்மா பயப்படுகிற ஒரே ஆள் பெரியப்பாவின் அக்கா. எனக்கு அத்தை. அவரை 'அவள்' என்று எழுத என் கை வராது. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும், முதலில் ஒரு பார்வை பார்ப்பார். டிக்கெட் இருந்தும்கூடப் பையைத் தடவிப் பார்க்க வைக்கிற பார்வை.

கல்யாணமான புதிதில் பெரியம்மா அவர் வீட்டுக்குப் போயிருந்தாள். சாப்பாட்டு மேசை விரிப்பின் ஓரத்தில் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக ஏதோ தெரிந்தது. புது நாத்தனாரை அசத்திவிட வேண்டும் என்று, அத்தை குளித்துவிட்டு வருவதற்குள் விரிப்பை உருவி, ஒத்தி, அலசி, வெளுத்துக் காயப்போட்டுவிட்டாள். அது கறை இல்லை. அத்தையின் சிநேகிதி கையால் வரைந்து கொடுத்த திராட்சைக் கொத்து. அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் தன்னுடைய எந்தப் பொருளையும் அவர் பெரியம்மாவின் பொறுப்பில் விட்டதில்லை. ஊருக்குப் போனால் வீட்டுச் சாவி எதிர்வீட்டுக்குப் போகும். மீன்தொட்டி மருந்துக் கடைக்காரரிடம் போகும். கூடப்பிறந்த தம்பி வீடு பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது.

"உங்க அக்கா என்னைக் கறையாத்தான் பாக்கறாங்க" என்பாள் பெரியம்மா. "அதுவும் போகாத கறை."

"அப்படியெல்லாம் இல்ல" என்பார் பெரியப்பா. கால் தரையை அழுத்தும்.

அத்தையின் மகளுக்கு வேறு ஊரில் பிரசவ நாள் நெருங்கியபோது, எதிர்வீட்டுக்காரர்கள் வீடு மாற்றிப் போயிருந்தார்கள். மருந்துக் கடைக்காரர் மீனை ஏற்றுக்கொண்டார், ரோஜாவை மறுத்துவிட்டார். மகரந்தம் பட்டால் அவருக்குத் தும்மல் நிற்காதாம். அப்படியாக ஒரு காலை வேளையில், வாசலில் வந்து நின்ற வாடகைக் காரிலிருந்து மூன்று ரோஜாத் தொட்டிகள் இறங்கின. ஒன்று மஞ்சள், ஒன்று அடர்சிவப்பு, ஒன்று பழுத்த பப்பாளி நிறம். பளபளவென்று எண்ணெய் தடவியது போன்ற இலைகள். அத்தை காரிலிருந்து பாதி உடம்பை மட்டும் வெளியே நீட்டி, "பாத்துக்கோ" என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ரயில் விஷயத்தில் அவர் யாருக்காகவும் நிற்பவர் இல்லை.

"கேட்டியா?" என்றாள் பெரியம்மா என்னிடம். கார் தெருமுனை திரும்பியிருந்தது. "'பாத்துக்கோ'ன்னாங்க. என்னைப் பாத்துச் சொன்னாங்க."

"கேட்டேன் பெரியம்மா."

"உங்க பெரியப்பாவைப் பாத்துச் சொல்லல."

"இல்ல."

"கொடுத்தது எப்படி இருக்கோ அப்படியே திருப்பிக் கொடுக்கணும். அதைவிடப் பளிச்சுன்னு கொடுக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வினை ஆரம்பித்தது.

சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் கொடிக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சிறு இடம் உண்டு. தொட்டிகளை அங்கே மதிலோரமாக ஒன்றோடொன்று ஒட்டி வைத்தாள், துணையாக இருக்கட்டும் என்று. வேலையிலிருந்து வந்ததும் கைகால் கழுவுவதற்கு முன்பே செடிகளுக்குக் குளியல். குழாயின் முனையில் பூவாளி மூடியை மாட்டி, உச்சியிலிருந்து அடிவரை, இலையின் மேலும் கீழும் தண்ணீர் வடியும்படி ஊற்றுவாள். "நாள் பூராத் தெருப் புழுதி. நமக்கே சாயங்காலம் ஒரு குளியல் போட்டாத்தானே தூக்கம் வருது" என்பாள். விழுந்த இலைகளைத் தொட்டியிலேயே விட்டுவிடுவாள். உரமாகட்டுமாம்.

முதல் புள்ளியை அவள்தான் கண்டுபிடித்தாள். வேறு யார் கண்ணுக்கும் அது பட்டிருக்காது. மஞ்சள் ரோஜாவின் கீழ் இலை ஒன்றில் மிளகளவு கருப்பு வட்டம், ஓரம் மட்டும் பிசிறு பிசிறாக, மை கசிந்த தாள் போல.

"யாரோ தெளிச்சிருக்காங்க" என்றாள். மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தாள். அது பச்சைப் பெயின்ட். "தார் இல்ல, தார்னா மேல தடிமனா நிக்கும். மை இல்ல. எண்ணெய் இல்ல." விரல் நுனியால் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது அவள் வழக்கம். கறை அந்தப் பக்கம் தெரியாவிட்டால் நூலுக்குள் இறங்கவில்லை, எடுத்துவிடலாம் என்று கணக்கு. இலையின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது.

அவள் முகம் தெளிந்தது. "மேலாப்பலதான் இருக்கு. உள்ள இறங்கல. போயிடும்."

நான் போனில் தேடிப் பார்த்தேன். படத்தில் இருந்ததும் தொட்டியில் இருந்ததும் உடன்பிறந்தவை போல இருந்தன. "பெரியம்மா, இது கரும்புள்ளி நோயாம். இலை ஈரமா இருந்தா பரவுமாம்" என்றேன்.

"போன்ல ஆயிரம் போடுவான். போன மாசம் அதே போன்தான் மைக் கறைக்குப் பற்பசை போடச் சொல்லிச்சு. ஒரு நல்ல சட்டை போச்சு."

அதற்குமேல் வாதாடுகிற சுபாவம் எனக்கு இல்லை. அவளும் விடுகிற ஆள் இல்லை. வெறும் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் ஒத்தினாள். போகவில்லை. சொட்டு சோப்புக் கலந்த தண்ணீர். போகவில்லை. ஒரு இலையை முடித்துவிட்டு அதே துணியோடு அடுத்த இலைக்குப் போனாள், மஞ்சளை முடித்துவிட்டுச் சிவப்புக்கு, சிவப்பை முடித்துவிட்டுப் பப்பாளிக்கு. முக்காலி போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு இலையையும் இடது உள்ளங்கையில் ஏந்தி. பார்த்தால் நகத்துக்குச் சாயம் பூசிவிடுகிறாள் என்று நினைப்பீர்கள்.

புள்ளி ஒன்று பத்தாயிற்று. புள்ளியைச் சுற்றி இலை மஞ்சளாயிற்று. பிறகு இலை, யாரும் தொடாமலே, தொட்டியில் வந்து விழுந்தது.

"பழசைப் போக்கறதுக்குள்ள புதுசு எங்கிருந்து வருது?" என்றாள். குளியலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

இதற்கு நடுவில் அத்தையிடமிருந்து வீடியோ அழைப்பு வரும். பெரியப்பாவின் போனுக்குத்தான் வரும். பேரனைக் காட்டுவார், பேரன் கொட்டாவி விடுவதைக் காட்டுவார், பிறகு சட்டென்று, "செடியைக் காட்டு" என்பார்.

முதல் தடவை சிவப்பில் ஒரு பூ இருந்தது. பெரியப்பா அந்தப் பூவை மட்டும் திரை முழுவதும் வரும்படி கிட்டே பிடித்தார்.

"கொஞ்சம் தள்ளிப் பிடி."

"தள்ளினா வெயில் அடிக்குதுக்கா."

அடுத்த தடவை பூவும் இல்லை. பெரியம்மா பப்பாளி ரோஜாவின் நல்ல கிளை ஒன்றைக் கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, கேமராவில் தான் தெரியாதபடி கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள்.

"அந்தச் செடி ஏன் அப்படிச் சாஞ்சு நிக்குது?" என்றார் அத்தை.

"காத்துக்கா."

"போர்வை ஆடலையே."

பெரியப்பா காலைத் தரையில் அழுத்தினார். "சிக்னல் போகுதுக்கா" என்று சொல்லி போனைக் கவிழ்த்தார். போர்வைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த பெரியம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கையில் அந்தக் கிளை இல்லை, ஆனால் அதன் இலைகள் இருந்தன. பிடித்த பிடியில் உதிர்ந்துவிட்டன.

"கண்டுபிடிச்சுட்டாங்க" என்றாள்.

"இல்ல பெரியம்மா."

"டிக்கெட் இல்லாதவனுக்குத்தான் தெரியும், பரிசோதகர் எந்தப் பெட்டியில வர்றாருன்னு. கண்டுபிடிச்சுட்டாங்க."

அவள் அன்று காபி குடிக்கவில்லை. திராட்சைக் கொத்துக்குப் பிறகு வந்த ஒரே வாய்ப்பு இலை இலையாக உதிர்ந்துகொண்டிருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததில்லை. மேசை விரிப்புக் கதையைச் சொல்லும்போதுகூடச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவருமாகச் செடிக்கடைக்குப் போனோம். மஞ்சள் ரோஜாத் தொட்டியைப் பெரியப்பா மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய பயிற்சிக் காரை ஓட்டியது நான். இந்த ஒரு காரணத்துக்காக அவர் வழிநெடுகத் தொட்டியையும் பிரேக்கையும் ஒரே சமயத்தில் பிடிக்க வேண்டியிருந்தது.

செடிக்கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாற்றுக்களைச் சின்னப் பைகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல் தொட்டியைப் பார்த்தார்.

"எப்ப வந்துச்சு?"

"போன மாசம்" என்றாள் பெரியம்மா.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலைங்க."

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியப்பா வானத்தைப் பார்த்தார்.

"தண்ணி?"

"ஊத்துவேன்."

"எங்க ஊத்துவீங்க?"

"செடிக்கு."

"செடிக்குத்தான். செடியில எங்க?"

"தலையில."

"காலையிலயா, சாயங்காலமா?"

"சாயங்காலம். லேசா."

செடிக்கடைக்காரர் ஒரு இலையைத் தடவினார். "அப்புறம் துணியால துடைச்சிருக்கீங்க."

"அது என் வீட்டுக்காரர்" என்றாள் பெரியம்மா.

வாழ்நாளில் அந்த இலைகளைத் தொட்டிராத பெரியப்பா, தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி, குற்றத்தை ஏற்றுக்கொள்கிறவர் போலத் தலையசைத்தார்.

"அம்மா, இது கறை இல்ல. பூஞ்சணம். உயிருள்ள சாமான். ராத்திரி பூரா இலை ஈரமா இருந்தா அதுக்கு வேற என்ன வேணும்? உங்க தண்ணி ஒவ்வொரு சொட்டும் அதை அடுத்த இலைக்கு ஏத்தி விட்டிருக்கு. மிச்சத்தை உங்க துணி கொண்டு போய்ச் சேத்திருக்கு."

"டிக்கெட் இல்லாமலே" என்றார் பெரியப்பா மெதுவாக.

"என்ன?"

"ஒண்ணுமில்ல, நீங்க சொல்லுங்க."

"புள்ளி விழுந்த இலை போனதுதான். எல்லாத்தையும் எடுத்துடுங்க, கீழ கிடக்கிறதையும். மருந்து தர்றேன். ஆனா மருந்து இனிமே வர்ற இலையைத்தான் காப்பாத்தும். வந்த புள்ளியை எதுவும் அழிக்காது."

"எதுவுமே அழிக்காதா?"

"எதுவுமே."

பெரியம்மா அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாழ்க்கை முழுவதும் கறையோடு மல்லுக்கு நின்றவள். ரத்தம், மை, துரு, மஞ்சளித்த வியர்வை, ஒருமுறை ஒரு மாப்பிள்ளைக் கோட்டில் விழுந்த முழுக் குழம்புக் கிண்ணம். எதுவும் அவளைத் திருப்பி அடித்ததில்லை. "உயிர் இருக்காமே" என்று மட்டும் என்னிடம் சொன்னாள், ஏமாற்றப்பட்டவள் குரலில்.

இதற்குள் பெரியப்பா கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். அவர் முகத்தில் விடிந்திருந்தது. "இங்க வா, இதைப் பாரு." வரிசையில் மஞ்சள் இருந்தது, அடர்சிவப்பு இருந்தது, இரண்டு வரிசை தள்ளிப் பப்பாளியும் இருந்தது. அதே உயரம், அதே பளபளப்பு. "மூணையும் வாங்கி அதே தொட்டியில வெச்சுட்டா முடிஞ்சுது. அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அக்காவுக்கா?"

"சரி, தெரியாதுன்னு வெச்சுக்கோயேன்."

பெரியம்மா தானே மஞ்சளைத் தூக்கினாள். நான் சிவப்பை எடுத்துக்கொண்டேன். மூன்றும் பில் போடும் மேசையில் ஏறி உட்கார்ந்தன. செடிக்கடைக்காரர் கை கழுவிக்கொண்டு வந்து மெஷினைத் தட்டத் தொடங்கிய நேரத்தில் பெரியம்மா, "வேண்டாங்க" என்றாள். "மருந்து மட்டும் போதும்."

"ஏன்?" என்றார் பெரியப்பா.

"எங்க கடையில முன்ன ஒருத்தன் இருந்தான். இஸ்திரியில ஒரு வெள்ளைச் சட்டையைத் தீச்சுட்டு, அதே மாதிரி புதுச்சட்டை வாங்கி மடிச்சு வெச்சுட்டான். சட்டைக்காரருக்குத் தெரியவே இல்ல. சந்தோஷமாப் போட்டுட்டுத்தான் போனாரு. ஆனா முதலாளிக்குத் தெரிஞ்சதும் அன்னைக்கே அவனை அனுப்பிட்டாரு. தீச்சதுக்கு இல்ல."

அவள் மூன்று தொட்டிகளையும் எடுத்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். மஞ்சளை வைக்கும்போது கொஞ்சம் திருப்பி, நல்ல பக்கம் வாடிக்கையாளருக்குத் தெரியும்படி வைத்தாள்.

அன்று பிற்பகல் பின்பக்கத்தில் வேலை நடந்தது. நான் மருந்துப் புட்டியின் பின்பக்கத்தை வாசித்துச் சொன்னேன். கையுறை போட வேண்டும், காற்றடிக்கும்போது தெளிக்கக் கூடாது, அளவுக்கு மேல் கலக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியைப் பெரியம்மாவுக்காக இரண்டு தடவை வாசித்தேன். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். புள்ளி விழுந்த ஒவ்வொரு இலையையும் நறுக்கிப் பையில் போட்டாள். ஒரு செடி முடிந்ததும் கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. துணிக்குத் துணி பிரஷ்ஷைக் கழுவிப் பழகிய கை. தொட்டியில் உதிர்ந்து கிடந்த 'உரம்' முழுவதும் பொறுக்கப்பட்டது. முடித்தபோது மஞ்சளில் ஏழெட்டு இலை மிஞ்சின. சிவப்பில் அதைவிடக் கொஞ்சம். பப்பாளியில் ஒன்றுகூட இல்லை.

பெரியப்பா வந்து பார்த்தார். "மூணு தொட்டிக் குச்சி" என்றார்.

"பேசாம போங்க."

"முள்ளாவது எல்லாம் பத்திரமா இருக்கு."

செடிகளுக்கிடையே காற்றுப் போக வேண்டும் என்று தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்தாள். கொடி கட்ட இடமில்லாமல் போயிற்று. ஊர்த் துணியையெல்லாம் மடிப்புக் கலையாமல் அனுப்புகிறவள் வீட்டில், எங்கள் துணிகள் நாற்காலி முதுகிலும் கதவு மேலும் கிடந்து காய்ந்தன. பெரியப்பா ஒருநாள் சுருங்கிய சட்டையோடு வேலைக்குப் போனார். குளியலும் நின்றது. காலையில் கடைக்குக் கிளம்பும் முன், நீண்ட மூக்கு வைத்த ஒரு பழைய கெட்டிலில் தண்ணீர் எடுத்துப் போய், ஓர் இலைமேலும் படாமல் மண்ணில் மட்டும் ஊற்றுவாள். ஒரு சொட்டுத் தவறி மேலே பட்டுவிட்டால் நின்று ஊதுவாள்.

புது இலைகள் வரத் தொடங்கின. மஞ்சளில் முதலில், பிறகு சிவப்பில், செம்பு நிறத்தில் நகமளவு. பப்பாளி மட்டும் பிடிவாதமாகக் குச்சியாகவே நின்றது. எல்லாம் வந்துவிடும், அத்தை திரும்புவதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அத்தையிடமிருந்து செய்தி வந்தது. மருமகனின் அம்மா வந்துவிட்டாராம். ஒரு வீட்டில் இரண்டு பாட்டிமார் எதற்கு என்று அத்தை கிளம்பிவிட்டாராம். நாளை வருகிறார்.

"வெளியூர்ல ஒரு கறை வேலை இருக்குன்னு சொல்லிடுங்க" என்றாள் பெரியம்மா.

"செடி மட்டும் வீட்ல இருக்குமே" என்றார் பெரியப்பா.

மறுநாள் அத்தை வந்தார். பேரனின் படங்களைக் காட்டினார். தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, யாரும் அழைக்காமலே சமையலறையைத் தாண்டிப் பின்பக்கம் போனார். பெரியம்மா அவருக்கு முன்னால் ஓடிப்போய் வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, முன்னாடியே சொல்லிடறேன். நான்தான் கெடுத்தேன். காத்து இல்ல, சிக்னல் இல்ல, இவர் துடைக்கவும் இல்ல. புள்ளி வந்துச்சு. கறைன்னு நெனச்சுத் தினம் சாயங்காலம் தலைக்குத் தண்ணி ஊத்தி, ஒவ்வொரு இலையாத் துடைச்சேன். அதனாலதான் எல்லாத்துக்கும் பரவிச்சு. இலையை எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்டேன். புதுசா வாங்கி வெச்சிடலாம்னுகூட நெனச்சேன். மேசை வரைக்கும் தூக்கிட்டு வந்துட்டேன். அப்புறம் வெக்கல."

அத்தை அவளை ஒரு பார்வை பார்த்தார். பெரியம்மாவின் கை தன்னால் புடவைத் தலைப்பைத் தடவியது, டிக்கெட் அங்கே இருப்பது போல. பிறகு அத்தை அவளை லேசாக ஒதுக்கிவிட்டு வெளியே இறங்கினார். மஞ்சளைச் சுற்றி வந்தார். சிவப்பின் தளிரைத் தொட்டார். பப்பாளிக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"ஒவ்வொரு இலையாவா?"

"ஆமாம் அண்ணி."

"முன்பக்கம், பின்பக்கம்?"

"பின்பக்கமும்தான்."

"என் பொண்ணுக்கு நான் அப்படித் துடைச்சதில்ல" என்றார் அத்தை. அது பாராட்டா இல்லையா என்று முகத்திலிருந்து தெரியவில்லை. அந்த முகத்திலிருந்து எதுவும் எப்போதும் தெரிந்ததில்லை. குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "புள்ளி எங்கிட்ட இருக்கும்போதே ஒண்ணு ரெண்டு வரும். நான் கிள்ளிப் போட்டுட்டு யாருக்கும் சொல்றதில்ல."

"உங்ககிட்ட இருந்தே வந்துச்சா?" என்றாள் பெரியம்மா. குரல் ஒரு படி ஏறியது. பெரியப்பாவின் கால் அழுந்தியது. பெரியம்மாவின் குரல் அந்தப் படியிலேயே நின்று, இறங்கிவிட்டது.

"வந்திருக்கலாம்" என்றார் அத்தை. "குளிப்பாட்டினது நீதான்."

"அது நான்தான்."

பெரியப்பா மஞ்சளையும் சிவப்பையும் அத்தை வந்த வாடகைக் காரில் ஏற்றினார். பப்பாளியைத் தூக்கக் குனிந்தபோது, "அது இருக்கட்டும்" என்றார் அத்தை.

"ஏன்க்கா?"

"இருக்கட்டும்னேன்."

பெரியம்மா காரின் ஜன்னலுக்குப் போனாள். "அண்ணி, பொழைச்சுக்கும். தண்டு பச்சையாத்தான் இருக்கு, நகத்தால கீறிப் பாத்தேன். இலை வந்ததும் கொண்டாந்து கொடுத்துடறேன்."

"பூ வந்ததும் சொல்லு. வந்து பாக்கறேன்."

"வந்து எடுத்துட்டுப் போறீங்களா?"

"பாக்கறேன்னுதானே சொன்னேன்" என்றார் அத்தை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கார் போன பிறகும் பெரியம்மா அங்கேயே நின்றாள். "என்ன அர்த்தம்?" என்று முதலில் என்னைக் கேட்டாள். பிறகு பெரியப்பாவைக் கேட்டாள்.

"அபராதம்" என்றார் பெரியப்பா.

"அபராதம்னா எங்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போவாங்க, கொடுத்துட்டா போவாங்க?"

"அப்போ பரிசு."

"பரிசுன்னா இலை இருக்கிறதைக் கொடுத்திருப்பாங்க."

இரவுச் சாப்பாடு முடியும்வரை இந்த வழக்கு நடந்தது, தீர்ப்பு வரவில்லை. மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது பெரியம்மா முன்வாசலில் இருந்தாள். வீட்டில் காலை வெயில் நேராக விழுகிற ஒரே இடம் அதுதான். அங்கே இத்தனை வருஷமாகப் பெரியப்பாவின் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. இப்போது அந்த இடத்தில் பப்பாளி ரோஜாவின் குச்சிகள் நிமிர்ந்து நின்றன. நாலா பக்கமும் காற்றுப் போகும்படி நிறைய இடம் விட்டிருந்தாள்.

சாவியைச் சுழற்றிக்கொண்டே வெளியே வந்த பெரியப்பா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என் வண்டி எங்க?"

"அந்தப் பெயின்ட் அடிச்ச வீட்டு வாசல்ல" என்றாள் பெரியம்மா, கெட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "கேட்டுட்டுத்தான் வெச்சிருக்கேன்."